சுவரில் முளைத்த கன்று போன்சாய் ஆகுமா?

கேள்வி: எங்கள் பழைய வீட்டு மாடிச் சுவரில், மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்க்குப் பக்கத்தில் இரண்டு கன்றுகள் முளைத்திருக்கின்றன. இலையைக் கிள்ளினால் பால் வருகிறது. இலையில் வால் இல்லை. அரசா ஆலா என்று தெரியவில்லை. கொல்லையில் புளியங்கன்று போல ஒன்றும் நிற்கிறது, சாயங்காலம் ஆனால் இலை மூடிக்கொள்கிறது. இவற்றைப் போன்சாய் ஆக்கலாமா? மூன்று வருடத்துக்கு முன் இதே சுவரிலிருந்து ஓர் அரசங்கன்றை எடுத்துப் போன்சாய்த் தட்டில் வைத்தேன். பட்டுப்போகவில்லை, ஆனால் இன்னும் பென்சில் கனம்தான் இருக்கிறது. எங்கே தவறு? (வாசகி, காரைக்குடி)

பதில்: அந்தப் பென்சில் அரசிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் புரிந்துவிட்டால் மற்ற மூன்று கன்றுகளையும் நீங்களே சரியாக வளர்த்துவிடுவீர்கள்.

தவறு கன்றில் இல்லை, தட்டில் இருக்கிறது. ஒரு மரம் பருப்பதற்கு இலை வேண்டும், வேர் ஓட இடம் வேண்டும். இலை சமைக்கும் உணவில் மிஞ்சுவதுதான் பட்டைக்கு அடியில் கட்டையாகச் சேர்கிறது. இரண்டு அங்குல ஆழத் தட்டில் வேர் ஓட முடியாது. அழகுக்காக நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் இலையும் பெருகாது. அப்புறம் தண்டு எப்படிப் பருக்கும்? தட்டு என்பது வளர்ந்து முடிந்த மரத்தை அந்த அளவிலேயே நிறுத்தி வைக்கும் இடம். நீங்கள் கன்றைக் கன்றாகவே நிறுத்தி வைத்துவிட்டீர்கள். கண்காட்சியில் பார்க்கும் சிறு மரங்களின் அடித்தண்டு தட்டில் பருத்ததல்ல. அவை நிலத்திலோ பெரிய தொட்டியிலோ பல வருடம் தாராளமாக வளர்ந்து, வெட்டப்பட்டு, மறுபடி துளிர்த்து, கடைசியில்தான் தட்டுக்கு வந்திருக்கும். போன்சாய் என்றால் சின்னத் தொட்டி என்ற நினைப்பினால் எத்தனையோ நல்ல கன்றுகள் குச்சியாகவே நின்றுவிடுகின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

இனி அடையாளம். பால் வந்தால் ஆல், அரசு இனம்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எருக்கும் சுவரில் முளைக்கும், பால் வரும். மஞ்சள் அரளியிலும் பால் உண்டு, அது கடும் நஞ்சு. பாலைவிட நம்பகமான அடையாளம் கணுவில் இருக்கிறது. ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாவற்றிலும் நுனி மொட்டின்மேல் கூரான ஓர் உறை மூடியிருக்கும். இலை விரியும்போது அந்த உறை கழன்று விழும். விழுந்த இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல ஒரு தழும்பு நிற்கும். அந்த மோதிரம் ஒவ்வொரு கணுவிலும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். எருக்கிலும் அரளியிலும் அது கிடையாது.

வால் இல்லை என்பதை வைத்து அரசு இல்லை என்றும் சொல்ல முடியாது. அரசங்கன்றின் முதல் சில இலைகளில் வால் இருக்காது, இருந்தாலும் மிகக் குட்டையாக இருக்கும். போகப்போகத்தான் நீளும். காம்பைப் பாருங்கள். அரசுக்குக் காம்பு மெலிந்து நீண்டு இருக்கும், இலை மெல்லியது, சிறு காற்றுக்கும் படபடக்கும், கொழுந்து செம்பு நிறத்தில் வரும். ஆலுக்குக் காம்பு தடித்துக் குட்டையாக இருக்கும்; இலை தோல்போலத் தடிப்பாக, நுனி மழுங்கி, நரம்புகள் வெளுத்துத் தெரியும்; இளம் இலையைத் தடவினால் மெத்தென்று மயிர் தட்டுப்படும். இலை சிறிதாக, இரண்டு மூன்று அங்குலத்துக்குள், வழவழவென்று பளபளத்தால் அது கல்லிச்சி. சுவரில் அது கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். இலை சின்னது, வெட்டினால் எங்கேயும் துளிர்க்கும், காற்று வேர் விடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதைவிடப் பொறுமையான மரம் எனக்குத் தெரியாது.

கொல்லையில் நிற்பது புளிதானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இலை மூடுவது போதாது. சவுண்டல் என்கிற சூபாபுல்லும் மூடும், சீமைக்கருவேலும் மூடும். புளியிலே ஒரே ஈர்க்கு, அதன் இரண்டு பக்கமும் பத்து முதல் இருபது இணை சிற்றிலைகள், அவ்வளவுதான். சவுண்டலில் ஈர்க்கு முதலில் கிளை பிரியும், அந்தக் கிளைகளில்தான் சிற்றிலை இருக்கும். ஆனால் சவுண்டலின் முதல் இலை புளி இலைபோலவே ஒற்றை ஈர்க்காக வந்து ஏமாற்றும். நாலைந்து இலை வரும்வரை காத்திருந்து பாருங்கள். முளைத்துச் சில நாளே ஆன கன்று என்றால் விதைப் பருப்பும் துப்புச் சொல்லும்: புளியில் அது தடித்த இரண்டு துண்டாக மண்ணுக்கு மேலே தூக்கி நிற்கும். புளி இலை புளிக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் பெயர் தெரியாத செடியை வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

சுவரிலிருந்து எடுப்பதுதான் கையும் கவனமும் கேட்கிற வேலை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது விதைக்குச் சொன்னது. வேர் அறுந்த கன்றுக்கு ஆடிக் காற்று ஆகாது, இலை ஒரே நாளில் காய்ந்துவிடும். ஆவணியும் புரட்டாசியும் நல்லவை: சூடும் இருக்கும், காற்றில் ஈரமும் இருக்கும். ஐப்பசி அடைமழைக்குள் புது வேர் பிடித்துவிட்டால் கன்று தப்பியது என்று வைத்துக்கொள்ளலாம்.

முந்தின நாள் இரவே சுவர் வெடிப்பில் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். காலையில் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வரும், வேர் உள்ளே நின்று வருடக்கணக்கில் துளிர்த்துச் சுவரைப் பிளக்கும். உங்கள் ஊர்ப் பழைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை. மெல்லிய உளியால் கன்றைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் காரையைப் பெயர்த்தால் வேர் வெளியே தெரியும். சுவரில் முளைத்த கன்றுக்கு வேர்முகம் பெரும்பாலும் கிழங்குபோல உப்பியிருக்கும். மண் இல்லாத இடத்தில் தண்ணீரைச் சேர்த்துவைக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது. அந்தக் கிழங்குதான் போன்சாயில் விலைமதிப்பில்லாத அடி. கடையில் வாங்கும் நாற்றில் அது எளிதில் கிடைக்காது, காயம் படாமல் எடுங்கள்.

என் முதல் ஆலங்கன்றை நான் அவசரத்தில் முறித்துவிட்டேன். வேர் இல்லாத தண்டு என்று தூக்கி எறியவும் செய்தேன். ஆலும் இச்சியும் போத்து, அதாவது ஒடித்த கிளையை, ஊன்றி வைத்தாலே வேர் விடும் என்பது அப்போது தெரியாது. உங்களுக்கு அப்படி நேர்ந்தால் பாலைத் தண்ணீரில் கழுவி, அரை நாள் நிழலில் உலரவிட்டு, பாதி இலையை எடுத்துவிட்டு ஈர மணலில் ஊன்றுங்கள். அரசு கொஞ்சம் பிடிவாதம் செய்யும், ஆனால் முயன்று பார்க்கலாம்.

எடுத்த கன்றின் உயரத்தைப் பாதியாகக் குறைத்து, வேரை ஈரச் சாக்கில் சுற்றி, அன்றைக்கே நட்டுவிடுங்கள். மண்ணுக்கு நான் செய்வது இது: சலித்த செங்கல் சல்லி இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. செங்கல் தூளை மட்டும் கட்டாயம் சலித்துக் கொட்டிவிட வேண்டும், அது மண்ணை அடைத்து வேரை அழுகவிடும். தென்னை நார்க் கழிவு அதிகம் வேண்டாம், மழைக்காலத்தில் அது ஈரத்தை விடாது. பன்னிரண்டு அங்குலத் தொட்டியோ வளர்ப்புப் பையோ போதும். ஒரு மாதம் மர நிழல், பிறகு முழு வெயில்.

நடும்போது ஒரு சிறு வேலை செய்யுங்கள்: கன்றுக்கு நேர் கீழே, மண்ணுக்குள் மூன்று அங்குல ஆழத்தில், ஓர் ஓட்டுத் துண்டைக் கிடையாக வைத்து அதன்மேல் வேர்களைச் சக்கரத்தின் ஆரம்போல விரித்து மூடுங்கள். ஆணி வேர் இறங்க முடியாது, பக்க வேர்கள் பரவும். பின்னாளில் தட்டில் மரம் மண்ணைப் பிடித்து நிற்கிற அழகு இங்கேதான் உருவாகிறது. புளியங்கன்று சின்னதாக இருந்தால் ஆணி வேரின் நுனியை நடும்போதே கத்தரித்துவிடலாம்.

பிறகு இரண்டு மூன்று வருடம் அதை மரமாக வளரவிடுங்கள். ஆளுயரம் போகட்டும், அடியில் வருகிற கிளையைக் கிள்ளாதீர்கள். அந்தக் கிளை அசிங்கமாக நீண்டாலும் அதற்குக் கீழே இருக்கிற தண்டைப் பருக்கவைப்பது அதுதான். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடலாம். தண்டு வளைய வேண்டும் என்றால் மட்டும் முதல் வருடமே அலுமினியக் கம்பி சுற்றி அடியில் ஒரு நெளிவு கொடுங்கள், முற்றிய பிறகு வளையாது. நம் வெயிலில் ஆல் இனம் வேகமாகப் பருக்கும். கம்பி பட்டையில் புதைகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள், புதையத் தொடங்கினால் வெட்டி எடுங்கள். சுற்றிக் கழற்றினால் கிளை ஒடியும்.

அடித்தண்டு போதுமான கனம் வந்ததும் வெட்டு. மரத்தின் உயரம் அடித்தண்டின் குறுக்களவைப்போல ஆறு மடங்கு இருந்தால் கண்ணுக்கு முதிர்ந்த மரமாகத் தெரியும் என்பது கைப்பழக்கக் கணக்கு. ஒன்றரை அடி மரம் வேண்டும் என்றால் அடி மூன்று அங்குலம் வேண்டும். அந்தக் கனம் வந்த பின் அரையடி உயரத்தில் வெட்டி, வருகிற துளிரில் ஒன்றைப் புதுத் தலையாக வளர்த்து, அதுவும் பருத்த பிறகு மறுபடி வெட்ட வேண்டும். அடி பெருத்து நுனி சிறுக்கிற வடிவம் இப்படித்தான் வருகிறது. அரசுக்கு இலை பெரிது. இரண்டடிக்குக் குறைவான மரத்தில் அது ஒட்டாது. புளிக்கு அந்தக் கவலை இல்லை, அதன் சிற்றிலை எந்த அளவுக்கும் பொருந்தும்.

கிடைத்த இடத்திலெல்லாம் கன்று எடுக்கவும் கூடாது. காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயங்களுக்கு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. கோபுரத்தில் முளைத்ததையும் நீங்கள் தொடாதீர்கள், சுதை பெயர்ந்தால் திரும்ப வராது, நிர்வாகத்திடம் சொல்லுங்கள். நமக்கு வீட்டுச் சுவரும் வாய்க்கால் ஓரமும் இடிக்கப்போகிற கட்டடமும் போதும். அரசை வெட்டினால் பாவம் என்று பலர் சுவர் பிளந்தாலும் விட்டுவைக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள். கொல்லை வேலியோரம் கொடுக்காப்புளி முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்: ஒரு காம்பில் நாலே சிற்றிலை, கணுவில் இரட்டை முள்.

உங்கள் பென்சில் அரசு வீணாகவில்லை. இந்த ஆவணியில் தட்டிலிருந்து எடுத்து, சுருண்ட வேர்களைப் பிரித்து, ஓட்டுத் துண்டின்மேல் பரப்பிக் கொல்லை மண்ணிலேயே நட்டுவிடுங்கள். சுவரிலிருந்தும் வீட்டு அடித்தளத்திலிருந்தும் நன்றாகத் தள்ளி நடுங்கள். வருடம் ஒருமுறை மண்வெட்டியால் ஒன்றரை அடி வட்டத்தில் வேரை அறுத்துவிட்டால் தொலைவுக்கு ஓடாது, பின்னால் எடுப்பதும் சுலபம். நுனியை மட்டும் கிள்ளாதீர்கள்.