மருந்துக் கரியை வாங்குவதும் காப்பதும்: கேள்வி பதில்

கடைகளில் ஆக்டிவேட்டட் சார்க்கோல் என்று கேட்டு வாங்கப்படும் செயலூட்டிய கரியை வீட்டு மருந்துப் பெட்டியில் வைத்திருப்பது குறித்துப் பலர் கேட்டிருந்த கேள்விகளுக்கு, மருந்தாளுநராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்திலிருந்து இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருள் குறித்து வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, அடுப்புக் கரியை நன்றாக இடித்துச் சலித்தால் அதுவே மருந்துக் கரி ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. விறகையோ சிரட்டையையோ காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்குவது முதல் கட்டம் மட்டுமே. அதன் பிறகு அந்தக் கரியை 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நீராவியோடு சேர்த்துப் பக்குவப்படுத்தும்போதுதான் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் திறக்கின்றன. அத்துளைகளின் உட்சுவர்களையும் சேர்த்து அளந்தால் ஒரு கிராம் கரியின் பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர் நிலத்தின் அளவுக்கு வரும். நஞ்சும் வாயுவும் நிறமும் அந்தச் சுவர்களில்தான் ஒட்டிக்கொள்கின்றன. இதைப் பரப்புக் கவர்தல் என்பார்கள். பஞ்சு நீரை உறிஞ்சுவது போன்றதன்று இது. அடுப்புக் கரியை எவ்வளவு மென்மையாக இடித்தாலும் அந்தத் துளைகள் பிறப்பதில்லை.

மேலும், இறைச்சி சுடுவதற்காக அச்சில் வார்த்து விற்கும் கரிக்கட்டிகளில் பிணைப்புப் பொருள்கள் கலந்திருக்கும். தூபம் போடுவதற்கான வட்டக் கரியில் சட்டென்று பற்றிக்கொள்வதற்காக வெடியுப்புச் சேர்ப்பது உண்டு. இவற்றை உட்கொள்ளவே கூடாது.

கேள்வி: மீன்தொட்டிக்கும் தண்ணீர் வடிகட்டிக்கும் விற்பதும் செயலூட்டிய கரிதானே? அதைப் பொடித்துக் கொள்ளலாமா?

பதில்: செயலூட்டியது என்பது உண்மைதான், ஆனால் மனிதர் விழுங்கும் மருந்தாக அதை எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. மருந்துத் தரக் கரியில் எரித்தபின் எஞ்சும் சாம்பல் எவ்வளவு, அமிலத்தில் கரையும் மாசு எவ்வளவு, கன உலோகங்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா, குறித்த பொருளைக் கவரும் திறன் போதுமா என்றெல்லாம் மருந்துத் தர நூல்கள் சோதனைகளை வகுத்திருக்கின்றன. ஆகவே வாங்கும்போது பொட்டலத்தில் ஐ.பி. (இந்திய), பி.பி. (பிரித்தானிய), யு.எஸ்.பி. (அமெரிக்க) என்று அந்த நூல்களைக் குறிக்கும் தரக்குறி ஒன்று இருக்கிறதா, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 'இயற்கையானது', 'நச்சு நீக்கி' என்ற சொற்கள் மட்டும் பெரிதாக அச்சிடப்பட்டு இவை எதுவும் இல்லையென்றால், அந்தப் பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிடுவதே நல்லது.

கேள்வி: பொடி, மாத்திரை, கேப்ஸ்யூல் ஆகியவற்றுள் எதை வாங்குவது?

பதில்: எதற்காக என்பதைப் பொறுத்தது. உணவுக்குப் பின் வரும் வாயுத் தொல்லைக்காக என்றால் கேப்ஸ்யூலோ மாத்திரையோ போதும். உணவுக்குக் குறைந்தது 30 நிமிடம் முன்பு 1 கிராம், உணவு முடிந்ததும் 1 கிராம் என்ற அளவில் மிகுதியான வாயு குறைய இது துணைபுரிகிறது என்ற கூற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் ஏற்றுக்கொண்டது. வாயு மாத்திரைகள் சிலவற்றில் கரியோடு சிமெத்திகோன் என்ற வேறொரு மருந்தும் இருக்கும் என்பதால் சேர்மானத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நஞ்சு முறிப்பதற்காகவும் இருக்கட்டும் என்று கேப்ஸ்யூல் வாங்குபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் பெரியவர் ஒருவருக்குக் கொடுக்கும் அளவு வழக்கமாக 50 கிராம். 250 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் அந்த அளவை எட்ட 200 கேப்ஸ்யூல் விழுங்க வேண்டும். நீரில் கலக்கிய பொடிதான் அந்தப் பணிக்கு உரியது.

நீர்மமாகக் கலந்தே விற்கப்படும் புட்டிகள் சிலவற்றில் சார்பிட்டால் சேர்ந்திருக்கும். அது பேதியாக்கும் பொருள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த வகை வேண்டாம்.

கேள்வி: எங்கே, எந்தப் பாத்திரத்தில் வைப்பது? ஈரம் படாமல் இருந்தால் போதும் என்கிறார்கள்.

பதில்: போதாது, பலரும் தவறுவது இங்கேதான். கரிக்கு நல்லது கெட்டது தெரியாது. உங்கள் வயிற்றில் இருக்கும் பொருளுக்காகக் காத்திருக்காமல், புட்டிக்குள் இருக்கும்போதே காற்றில் வரும் ஆவி எதுவானாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். கற்பூரம், பாச்சை உருண்டை, மண்ணெண்ணெய், வண்ணப்பூச்சு, நறுமணத் தைலம் ஆகியவற்றின் அருகில் மூடி சரியாக இறுகாமல் இருந்த கரியின் துளைகள் பயன்படும் நாள் வருவதற்குள்ளேயே ஓரளவு நிரம்பிவிடும். உட்கொள்ளும் பொருளில் பாச்சை உருண்டையின் ஆவி ஏறியிருப்பதும் நல்லதன்று. நாற்றம் போக்கக் குளிர்பெட்டியில் கரியை வைப்பவர்கள் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதே காரணத்தால் மருந்துக் கரியை அங்கே வைக்கக் கூடாது.

கம்பெனி அடைத்துத் தந்த கெட்டியான புட்டியிலேயே விட்டுவைப்பது சிறந்தது. மாற்றியே ஆக வேண்டுமானால், உள்விளிம்பு உள்ள இறுக்கமான மூடி கொண்ட, முற்றிலும் உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிரப்புங்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் ஈரத்தைத் தடுத்தாலும் மணத்தைத் தடுப்பதில்லை. பெரிய புட்டி ஒன்றை அடிக்கடி திறப்பதைவிடச் சிறிய புட்டிகள் இரண்டு மூன்று வாங்கி ஒவ்வொன்றாகத் திறப்பது மேல் என்பது என் கருத்து.

பொடியை உயரத்திலிருந்து கொட்டாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது, எரியும் அடுப்பின் அருகில் தூசி பறப்பதும் ஆபத்து. வெளுப்புத் தூள், பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற, எரிதலைத் தூண்டும் ஆக்சிஜனேற்றிகளைக் கரியோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். புட்டியின் மேல் பெயரையும் திறந்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். பெயரில்லாத கறுப்புப் பொடி எதுவாகவும் இருக்கலாம்.

கேள்வி: காலாவதியான கரியை வாணலியில் வறுத்துப் புதுப்பிக்கலாமா?

பதில்: வறுத்தால் ஈரம் போகும், துளைகளில் ஆழமாக ஒட்டியிருப்பவை போகா. ஆலைகளில் பயன்படுத்திய கரியைப் புதுப்பிக்க 800 டிகிரி அளவு வெப்பம் தேவைப்படுகிறது. வீட்டில் முயன்றால் தீப்பிடிக்கும். புதிதாக வாங்குங்கள்.

கேள்வி: 1831இல் பிரான்சில் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கொடிய நஞ்சோடு கரியை விழுங்கிப் பிழைத்தார் என்று படித்தேன். அப்படியானால் குழந்தை தவறுதலாக மாத்திரையை விழுங்கிவிட்டால் வீட்டிலேயே கரி கொடுக்கலாம் அல்லவா?

பதில்: தூரி என்பவர் பிரெஞ்சு மருத்துவக் கழகத்தின் முன் ஸ்டிரிக்னின் என்ற நஞ்சைக் கரியுடன் விழுங்கிக் காட்டியதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி அது. ஆனால் அவர் நஞ்சையும் கரியையும் கலந்து ஒரே நேரத்தில் விழுங்கினார் என்பதை மறந்துவிடக் கூடாது. வீட்டில் அப்படி நடப்பதில்லை. நாம் பார்ப்பதற்குள் பொருள் வயிற்றைத் தாண்டத் தொடங்கியிருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பெரும்பாலும் பயன் என்று மருத்துவர்கள் கருதுவது அதனால்தான்.

அதைவிட முக்கியமானது, எல்லா நஞ்சும் கரியில் ஒட்டுவதில்லை. இரும்புச் சத்து மாத்திரை, லித்தியம், சாராயம், மெத்தனால், வலுவான அமிலம், காரம், மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றுக்குக் கரி உதவாது. அமிலமோ காரமோ உள்ளே போயிருந்தால், கரி உள்ளுறுப்புகளைக் கறுப்பாக்கி, மருத்துவர் புண்ணைப் பார்க்கவே முடியாமல் செய்துவிடும். மயங்கிய நிலையில் இருப்பவருக்கோ திமிறும் குழந்தைக்கோ வலிந்து புகட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, விழுங்கிய மருந்தைவிடப் பெரிய கேட்டை விளைவிக்கலாம்.

எனவே முதலில் அவசர மருத்துவ உதவியையோ நச்சு ஆலோசனை மையத்தையோ அழையுங்கள். என்ன, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் சொல்லுங்கள். கரி கொடுக்கும்படி அவர்கள் சொன்னால் மட்டும், அவர்கள் சொன்ன அளவில் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்கிய மருந்தின் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கரி புட்டியைத் தேடிக்கொண்டு ஐந்து நிமிடம் கழிவதைவிடத் தொலைபேசியை எடுப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் பெரிய உதவி.

கேள்வி: நான் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன்; என் தம்பி வலிப்புக்கு மருந்து எடுக்கிறான். வாயுவுக்குக் கரி சாப்பிட்டால் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். மருந்தும் கரியும் வயிற்றில் சந்தித்தால் மருந்து கரியோடு வெளியேறிவிடும். தைராய்டு மாத்திரைக்கும் கரிக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் அதற்கு மேலும் இடைவெளி விடுங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கரி சாப்பிடக் கூடாது.

உங்கள் தம்பியின் நிலை வேறு. ஃபீனோபார்பிட்டால், கார்பமசெபின் போன்ற மருந்துகள் இரத்தத்தில் கலந்த பிறகும், கரி அவற்றைக் குடல் வழியாகத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அவை அளவு மீறியபோது மருத்துவமனையில் கரியைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது இதற்காகவே. ஆகவே நேர இடைவெளி அவருக்குப் பாதுகாப்பு ஆகாது. அவரைப் பார்க்கும் மருத்துவர் ஒப்பாமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

கேள்வி: வயிற்றுப்போக்கு, குடித்த மறுநாள் தலைவலி, பாம்புக்கடி ஆகியவற்றுக்கு?

பதில்: வயிற்றுப்போக்கில் உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ். கரைசல், கரியால் பயன் நிரூபிக்கப்படவில்லை. சாராயம் கரியில் போதிய அளவு ஒட்டுவதில்லை. பாம்பின் நஞ்சு வயிற்றில் இல்லை, ஆகவே கரிக்கு அங்கே வேலையே இல்லை; மருத்துவமனைக்கு விரையுங்கள்.

கேள்வி: கரியைக் குழைத்துப் புண்ணில் பற்றுப் போடலாமா?

பதில்: திறந்த புண்ணில் போடாதீர்கள். ஆறும் தோலுக்குள் கறுப்புத் துகள் தங்கிப் பச்சை குத்தியது போல நிலைத்துவிடலாம். மருத்துவமனையில் நாற்றமுள்ள புண்ணுக்குப் போடும் கரிக் கட்டு வேறு; அது கரியைத் துணிக்குள் அடைத்துத் தயாரிப்பது.

கேள்வி: கரி சாப்பிட்ட பிறகு மலம் கறுப்பாகப் போகிறது. அஞ்ச வேண்டுமா?

பதில்: கரியால் வரும் கறுப்பு இயல்பானது, ஓரிரு நாளில் மாறிவிடும். மலச்சிக்கல் வரலாம் என்பதால் நீர் நிறையக் குடியுங்கள். குடல் அடைப்பு இருந்தவர்கள் கரியையே தவிர்க்க வேண்டும். ஆனால் வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்தாலும் மலம் தார் போலக் கறுப்பாகவே போகும், கரி அந்த அடையாளத்தை மறைத்துவிடும். தலைச்சுற்றலோ வயிற்றுவலியோ உடனிருந்தால், அல்லது கரியை நிறுத்தி மூன்று நாள் ஆன பிறகும் கறுப்பு நீடித்தால், கரி சாப்பிட்ட செய்தியையும் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள்.