ராமேசுவரம், தனுஷ்கோடி பக்கம் தம்பதியாகப் பயணம் போனால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நானும் என் மனைவியும் வருடக்கணக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். ராமநாதபுரம் கரையில் மனிதர்களை நினைத்துப் பயந்ததே இல்லை. பயப்பட வேண்டியது கடலுக்குத்தான்.

தனுஷ்கோடிச் சாலை முடியும் நிலமுனையான அரிச்சல்முனையில் தயவுசெய்து இறங்கிக் குளிக்காதீர்கள். மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் சேரும் இடம் அது. கணுக்கால் நனையும் அளவு நின்றாலே காலடி மணலை நீர் அரித்துக்கொண்டு போவது தெரியும், இழுப்பு அவ்வளவு. நீந்தத் தெரிந்தவர்களும் அங்கே தப்புக்கணக்குப் போடுகிறார்கள். குளித்தே ஆக வேண்டுமா? அரியமான் கடற்கரைக்குப் போங்கள், பாக் நீரிணைப் பக்கம் அலை குறைவு. அங்கேயும் ஒருவர் கரையில் இருப்பது நல்லது.

தனுஷ்கோடிக்குக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மாலையில் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். 1964 புயலில் அழிந்த ஊர், நிழலே கிடையாது. தண்ணீரும் தொப்பியும் அவசியம். தார்ச்சாலையை விட்டு வண்டியை மணலில் இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும். அப்புறம், செல்போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை நிறுத்தி வையுங்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தில் படம் எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள். பின்னால் பஸ் வரும், காற்றும் ஆளைத் தள்ளும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை போவதென்றால், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறதா என்று செய்தியில் பார்த்துவிட்டே புறப்படுங்கள். கடலில் ஆபத்து என்றால் 1093, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டையும் இருவர் போனிலும் பதிந்துகொள்ளுங்கள்.