முக்கால் மணி நேரம் கழித்து ஒரு 'ம்'

கேள்வி: செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் வேலை பார்க்கும் ஒரு பெண், பூமியில் மரணப் படுக்கையில் கிடக்கும் அப்பாவோடு வீடியோவில் பேசுகிறாள். கடைசி வரியில் அவள் ஒரு ரோபோ என்று தெரியவரும். இதுதான் நான் எழுதிய கதை. ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. "இப்படி ஓர் உரையாடல் நடக்க வாய்ப்பில்லை. முடிவு ஏமாற்றுகிறது. முதல் மூன்று பக்கங்கள் வேண்டாம். வேறு கதை இருந்தால் அனுப்புங்கள்" என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். அறிவியல் புனைகதையே கற்பனைதானே? அதில் நடக்காதது என்று ஒன்று உண்டா?

பதில்: கதையையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கோபத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். கதைகளைத் தேர்வு செய்யும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். வேண்டாத கதைக்கு 'பிரசுரிக்க இயலவில்லை' என்று ஒரு வரி போகும், அவ்வளவுதான். 'வேறு கதை அனுப்புங்கள்' என்பதை மரியாதைக்காக எழுதினால் அடுத்த வாரமே பத்துக் கதை வந்து நிற்கும். அந்தத் தொல்லையை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை.

சரி, உரையாடலுக்கு வருவோம். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ரேடியோ அலைக்கும் அதே வேகம்தான். செவ்வாய் மிக அருகில் வரும்போது தூரம் சுமார் 5.5 கோடி கிலோமீட்டர், மிகத் தள்ளிப் போகும்போது 40 கோடி. உங்கள் நாயகி "அப்பா, வலி குறைஞ்சிருக்கா?" என்று கேட்டால் அது போய்ச் சேரவே 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் ஆகும். பதில் வர இன்னும் அதே அளவு. நீங்களோ அப்பாவை நாலு இடத்தில் 'ம்' கொட்ட வைத்திருக்கிறீர்கள். முக்கால் மணி நேரம் காத்திருந்து ஒரு 'ம்' கேட்டால் அவள் என்ன ஆவாள்?

நான் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். அவள் என்ன ஆவாள்? உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது, நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அவள் கேள்வி கேட்டபோது அப்பா உயிரோடு இருந்தார். கேள்வி அவரைச் சேரும்போது இருப்பாரா? அவர் சிரிக்கும் முகம் திரையில் வரும்போது இருப்பாரா? அப்புறம் இன்னொன்று. ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் இரண்டு கிரகங்களுக்கும் நடுவே வந்து மறைக்கும். அந்தச் சமயத்தில், இப்போது அங்கே இருக்கும் விண்கலங்களுக்கே இரண்டு வாரம் போல கட்டளை அனுப்பாமல் நிறுத்திவைக்கிறார்கள். அப்பாவின் கடைசி நாட்கள் அந்த இரண்டு வாரத்தில் வந்தால்? எழுதப்போவது நீங்கள், நான் இதோடு வாயை மூடிக்கொள்கிறேன்.

ஒளியை மிஞ்சும் கருவி ஒன்று அதற்குள் வந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். தாராளமாக வரட்டும். ஆனால் அப்படி ஒன்று வந்த உலகத்தில் தூரம் என்ற சங்கதியே வேறாகிவிடும். அப்பா பக்கத்துத் தெருவில் இருந்தாலும் இந்தக் கதை இப்படியேதான் இருந்திருக்கும் என்றால், செவ்வாய் எதற்கு?

ரோபோ முடிவில் ஆசிரியர் சொன்னது முழுக்கச் சரி. ஐந்தாம் பக்கத்தில் ஆக்சிஜன் குறைந்து அவளுக்கு மூச்சுத் திணறுகிறது. ரோபோவுக்கு எதற்கு மூச்சு?

முதல் மூன்று பக்கங்கள் விஷயத்தில் மட்டும் எனக்கு அவரோடு பாதிதான் ஒப்புதல். குடியிருப்பின் வரலாறு, நிர்வாகக் குழு, கரியமில வாயுவிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் விளக்கம் எல்லாம் போகட்டும். செவ்வாய்க்கு நாசா அனுப்பிய பர்சிவியரன்ஸ் ரோவரில் போன மாக்சி என்ற கருவி மொத்தமாகவே 122 கிராம் ஆக்சிஜன்தான் தயாரித்தது என்று தேடிப் பிடித்து எழுதியிருக்கிறீர்கள், தகவல் சரிதான். அதைப் பாடமாக நடத்தாமல், குடியிருப்பின் ஆக்சிஜன் இயந்திரத்தின் இரைச்சல் திடீரென்று நின்றால் அவள் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருகிறாள் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் இரண்டாம் பக்கத்தில் அந்தி நீலமாக இறங்குகிறதே, அதை விட்டுவிடாதீர்கள். அங்கே தூசியால் பகல் வானம் பழுப்பாகவும், மறையும் சூரியனைச் சுற்றி நீலமாகவும் இருக்கும். அதைப் பார்த்தவுடன் அவளுக்கு ஊர் ஞாபகம் வருவது நல்ல இடம். ஆசிரியர் வேகமாகப் புரட்டியிருப்பார்.

கேள்வி: திருத்திய கதையை அவருக்கே திரும்ப அனுப்பலாமா?

பதில்: கூடாது. அவர் கேட்டது வேறு கதை.

கேள்வி: அவருக்கு விளக்கம் எழுதலாமா?

பதில்: 'நன்றி' என்று ஒரு வரி போதும். எனக்கும் இது நடந்திருக்கிறது. காற்றே இல்லாத நிலாவில் இரண்டு பேர் உரக்கத் திட்டிக்கொண்டு சண்டை போடுவதாக ஒரு கதை எழுதினேன். அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் 'காற்று?' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார் ஓர் ஆசிரியர். மூன்று வாரம் பொருமிவிட்டு அவருக்கு நாலு பக்கத்தில் பதில் எழுதினேன், ஆனால் தபாலில் சேர்க்கவில்லை. அதன் மூன்றாம் பக்கத்தில், ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் ஒட்டிக்கொண்டால் அது வழியாகச் சத்தம் கேட்குமே என்று வாதாடியிருந்தேன். அது உண்மைதான். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கதையைத் திரும்ப எழுதினேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பிடிக்காத அந்த இரண்டு பேரும், திட்டுவதற்காக நெற்றியோடு நெற்றி முட்டி நிற்க வேண்டியிருந்தது. அச்சில் வந்தது அந்தக் கதைதான்.