சீவினால் போகாத காந்தச் சுழி

கேள்வி: ஸ்கிர்மியான் என்னும் காந்தச் சுழி இடத்தியல் (கிழிக்காமல் வளைத்தாலும் மாறாத வடிவப் பண்புகளை ஆராயும் கணிதம்) தரும் பாதுகாப்பு உடையது, ஆகவே எளிதில் அழியாது என்று படித்தேன். அதையே மின்னோட்டத்தால் எழுதலாம், அழிக்கலாம், நகர்த்தலாம் என்றும் படிக்கிறேன். அழியாத ஒன்றை அழிப்பது எப்படி?
(இயற்பியல் முதுகலை மாணவி ஒருவர்)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை நூல்கள் சற்றுத் தாராளமாகவே வழங்குகின்றன.

தலையுச்சியில் உள்ள சுழியை எந்தப் பக்கம் சீவினாலும் அது போவதில்லை. ஆனால் அந்த இடத்தில் உள்ள மயிரைப் பிடுங்கிவிட்டால் சுழியும் இல்லை. முழுப் பொருத்தமான உவமை அன்று என்றாலும், உங்கள் கேள்விக்கான விடை இதற்குள் இருக்கிறது. மெல்லிய காந்தப் படலம் ஒன்றில் எங்கும் அணுக்களின் காந்த முனைப்பு (ஒவ்வோர் அணுவும் சிறு காந்தமாக நோக்கும் திசை) மேல்நோக்கி நிற்க, ஓரிடத்தில் மட்டும் நடுவில் உள்ளவை கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். அங்கிருந்து வெளிப்புறமாகப் போகப் போக முனைப்பு சிறிது சிறிதாகச் சாய்ந்து, கிடைமட்டமாகி, மறுபடியும் நிமிர்ந்துவிடும். இதுவே ஸ்கிர்மியான். படலத்தைத் தொடர்ச்சியான ஊடகமாகக் கொள்ளும் கணக்கில், எங்கும் முறிவு ஏற்படாமல் இந்த அமைப்பை நீக்க வழியில்லை. உண்மையான படலமோ தனித்தனி அணுக்களால் ஆனது. ஸ்கிர்மியானைச் சுருக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் நடுவில் எஞ்சிய சில அணுக்களின் முனைப்பு சட்டென்று மேல்நோக்கிப் புரள, சுழி மறைந்துவிடும். ஆக, இடத்தியலின் பெயரால் நமக்குக் கிடைப்பது ஏறிக் கடக்க ஆற்றல் செலவாகும் ஒரு மேடு மட்டுமே.

அந்த மேட்டை வேண்டும்போது ஏறவும் இறங்கவும் முடியும் என்பதை 2013-இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகக் குழுவினர் காட்டினர். இரிடியம் படிகத்தின் மேல் ஓர் அணு அடுக்கு இரும்பு, அதன் மேல் ஓர் அணு அடுக்கு பல்லேடியம் என்று அமைத்து, ஊசிமுனையால் வருடிப் பார்க்கும் நுண்ணோக்கியிலிருந்து மின்னோட்டம் செலுத்தி, சில நானோமீட்டர் அகலமே உள்ள ஸ்கிர்மியான்களை ஒவ்வொன்றாக எழுதவும் அழிக்கவும் செய்தனர். ஆனால் இதற்குத் திரவ ஹீலியத்தின் குளிரும் வலுவான வெளிக் காந்தப்புலமும் தேவைப்பட்டன.

அறை வெப்பநிலைக்கு வழி திறந்தது அடுக்குப் படலங்களால்தான். பக்கத்து அணுக்களின் முனைப்புகளை ஒரே திசையில் நிறுத்தாமல் சற்றுத் திருகிவிடுவது ஜலோஷின்ஸ்கி–மோரியா இடைவினை. கோபால்ட்டைப் பிளாட்டினம் போன்ற கனஉலோகத்தோடு ஒட்டினால், அவை சந்திக்கும் இடைமுகத்தில் இது வலுவாகத் தோன்றும். இரிடியம் 1 நானோமீட்டர், கோபால்ட் 0.6 நானோமீட்டர், பிளாட்டினம் 1 நானோமீட்டர் என்ற வரிசையைப் பத்து முறை அடுக்கிய படலத்தில், 100 நானோமீட்டருக்கும் குறைவான ஸ்கிர்மியான்கள் அறை வெப்பநிலையிலேயே நிலைத்ததை 2016-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 0.6 நானோமீட்டர் என்பது ஏறக்குறைய மூன்று அணுக்களின் கனம். அதில் சிறிது கூடினாலும் குறைந்தாலும் இடைவினைகளின் சமநிலை மாறிவிடும்.

உருவாக்கும் முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, 2015-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் செய்யப்பட்டது. டான்டலத்தின் மேல் 1.1 நானோமீட்டர் கனமுள்ள கோபால்ட்–இரும்பு–போரான் படலம். நடுவில் 3 மைக்ரோமீட்டர் அகலத்துக்கு ஒரு குறுகல். மின்துடிப்பு செலுத்தினால், நீண்ட பட்டையாக இருக்கும் காந்தக் களம் (முனைப்பு ஒரே திசையில் நிற்கும் பகுதி) குறுகலுக்குள் நுழைந்து, மறுபக்கம் மின்னோட்டம் விரியும் இடத்தில் அகன்று, துண்டுபட்டு, வட்டக் குமிழிகளாக வெளிவருகிறது. சோப்புநீர் வளையத்தில் ஊதி விளையாடும் அதே காட்சி!

ஸ்கிர்மியான் இருப்பதையும் இல்லாததையும் தகவலாகக் கொண்டு, அதை ஒரு குறுகிய தடத்தில் மின்னோட்டத்தால் ஓட்டுவதே நோக்கம். எழுதுவதைவிடச் சிக்கலானது இப்படிச் செலுத்துவது. மின்னோட்டத்தின் வழியே நேராகச் செல்ல வேண்டிய ஸ்கிர்மியான், சுழன்று வரும் கிரிக்கெட் பந்து காற்றில் விலகுவதுபோல, பக்கவாட்டில் ஒதுங்குகிறது. ஸ்கிர்மியான் ஹால் விளைவு என்னும் இதை 2017-இல் இரண்டு குழுக்கள் நேரடியாகப் படம்பிடித்தன. தடத்தின் ஓரத்துக்குத் தள்ளப்படும் ஸ்கிர்மியான் வெளியேறி அழிந்தால், அது சுமந்த தகவலும் போயிற்று. இந்த விலகலுக்குக் காரணம், முனைப்பு எத்தனை முறை முழுதாகச் சுற்றி வருகிறது என்பதைக் குறிக்கும் அதே இடத்தியல் எண்தான் என்பதைக் கவனியுங்கள். காப்பதாகப் பெயர் பெற்றதே தடம் மாற்றவும் செய்கிறது.

இதற்கு இன்று சொல்லப்படும் நல்ல தீர்வு, எதிரெதிர் முனைப்புள்ள இரண்டு காந்தப் படலங்களை மெல்லிய ருத்தேனியம் போன்ற அடுக்கால் பிணைப்பது. மேலுள்ள சுழி ஒருபுறமும் கீழுள்ளது மறுபுறமும் இழுக்க, இணை நேராகச் செல்லும். 2024-இல் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் இத்தகைய அமைப்பில் நொடிக்கு 900 மீட்டர் வரை வேகம் எட்டியதாக வெளியிட்டனர். ஆனால் இரு படலங்களின் காந்தமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், வெளியே கசியும் புலம் மிகக் குறைவு. நேராக ஓடும் அந்தச் சுழிகளைக் காந்த நுண்ணோக்கியில் பார்ப்பதே பெரும்பாடாகிவிடுகிறது.