கேளுங்க, சொல்றோம்: மில்லுக்குள் போனதும் நின்றுபோகும் போர்டு

கேள்வி: வணக்கமுங்க. நூல் மில் மெஷின்களுக்கு கன்ட்ரோல் போர்டு செய்கிற சின்ன கம்பெனி எங்களது. போர்டில் ஓடுவது லினக்ஸ், ஈதர்நெட் டிரைவர் முன்பு இருந்தவர் எழுதியது. ஆபீசில் நாள் முழுக்க ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. மில்லில் மாட்டி, டேட்டா வேகமாக வர ஆரம்பித்தால் பாக்கெட் வாங்குவது அப்படியே நின்றுவிடுகிறது. இன்டர்ஃபேஸை டவுன் செய்தால் அந்தக் கமாண்டும் திரும்பி வருவதில்லை, பவரை ஆஃப் பண்ணித்தான் ஆகணும். கேபிளை மாற்றினோம், கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். ஏனுங்க, தப்பு எங்கே? வந்த பாக்கெட்டை எடுக்கச் சொல்லி கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கூப்பிடுகிற போல் ஃபங்ஷனை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
வாசகர், பெருந்துறை

பதில்: கேபிளைத் திட்டுவதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் கெட்ட பாக்கெட் வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பதுதானே டிரைவரின் வேலை?

உங்கள் லூப் 64 டிஸ்கிரிப்டர் (ஒரு பாக்கெட்டுக்கு ஒன்றாக இருக்கும் குறிப்பு) வரை பார்க்கிறது, சரி; ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று கெர்னல் கொடுக்கும் அந்த 64-தான் பட்ஜெட். சிஆர்சி பிழை (பாக்கெட் வழியில் சிதைந்துவிட்டது என்று காட்டும் பிழை) இருந்தால் 'கன்டினியூ' போட்டு அடுத்ததற்குப் போகிறது, அதுவும் சரி. ஆனால் எண்ணிக்கையைக் கூட்டும் வரி அந்த 'கன்டினியூ'வுக்குக் கீழே இருக்கிறது பாருங்கள், வினையே அங்கேதான். 64 பார்த்து அதில் ஒன்று கெட்டது என்றால் ஃபங்ஷன் 63 என்று திருப்பிச் சொல்கிறது. ரிங்கில் (அந்தக் குறிப்புகளின் வட்ட வரிசையில்) இன்னும் பாக்கெட் இருப்பதால், வேலை முடிந்தது என்று கெர்னலுக்குச் சொல்லும் 'கம்ப்ளீட்' கூப்பிடவில்லை, பாக்கெட் வந்தது என்று சிப் தட்டி எழுப்பும் இன்டரப்டும் மூடியே கிடக்கிறது. பட்ஜெட்டை விடக் குறைவாக வந்தால் கெர்னலைப் பொறுத்தவரை வேலை முடிந்தது, கம்ப்ளீட்டும் ஆகிவிட்டது என்று அர்த்தம், அது இனி உங்களைக் கூப்பிடாது. கெர்னல் கூப்பிடும் என்று டிரைவர் காத்திருக்க, இன்டரப்ட் வரும் என்று கெர்னல் காத்திருக்க, மாமியாரும் மருமகளும் பேச்சை நிறுத்தின வீடு மாதிரி ஆகிவிடுகிறது. 'ஷெட்யூல் ஆகியிருக்கிறது' என்ற கொடி நிமிர்ந்தே நிற்கிறது. டவுன் கமாண்ட் அந்தக் கொடி இறங்கட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறது. ஆபீசில் மோட்டார் இரைச்சல் இல்லை, பிழையும் வருவதில்லை. லோடு குறைவாக இருந்தால் பிழை வந்தாலும் ரிங் காலியாகிவிடும், கம்ப்ளீட் கூப்பிட்டுவிடுவீர்கள், அதனால் தெரியாது.

ஆகவே நல்லதோ கெட்டதோ, எடுத்த ஒவ்வொரு டிஸ்கிரிப்டரையும் எண்ணுங்கள். கம்ப்ளீட் கூப்பிடுவதை ரிங் காலியா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். எண்ணிக்கை பட்ஜெட்டை விடக் குறைவா என்று மட்டும் பாருங்கள். சரியாக 64-லேயே ரிங் காலியானால்? கம்ப்ளீட் கூப்பிடாமல் 64 என்று சொல்லிவிடுங்கள், கெர்னல் இன்னொரு தடவை கூப்பிடும், நஷ்டம் ஒன்றுமில்லை. கம்ப்ளீட்டும் கூப்பிட்டு 64-ம் சொல்வதுதான் கூடாது.

அப்புறம் இன்னொன்று, அதே ஃபங்ஷனில் 'டூ-வைல்' லூப் இருக்கிறதே. பட்ஜெட் பூஜ்யமாகவும் வரலாம், நெட்கன்சோல் (கெர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியாக அனுப்பும் வசதி) போட்டால் வரும். அப்போது அனுப்பி முடித்த பாக்கெட்டுகளை மட்டும் விடுவிக்க வேண்டும், உள்ளே வந்ததைத் தொடக்கூடாது, கம்ப்ளீட்டும் கூடாது. டூ-வைல் ஒன்றையாவது எடுத்துவிட்டுத்தான் யோசிக்கும். 'வைல்' ஆக்கிவிடுங்கள்.

இதெல்லாம் கெர்னலோடு வரும் நாப்பி (இப்படி போல் செய்து பாக்கெட் எடுக்கும் முறை) ஆவணத்தில் அப்படியே இருக்கிறது. அந்த ஆவணம் 2023-இல்தான் சேர்ந்தது, அதனால் பழைய டிரைவர் எழுதினவரை ரொம்பவும் கோபிக்க முடியாது.

திருத்தியபின் ஆபீசிலேயே சோதிக்கலாம்: சிஆர்சி பிழை என்று பொய்யாகச் சொல்லும் ஒரு வரியை அவ்வப்போது ஓடும்படி டிரைவரில் செருகி, முழு லோடு கொடுத்துப் பாருங்கள். மில்லுக்குப் போக வேண்டியதில்லை.

கேள்வி: பாக்கெட் வேகம் கூட டிரைவரின் பட்ஜெட்டான 64-ஐ 256 ஆக்கலாமா?
வாசகர், கோபி

பதில்: வேண்டாங்க. 64-க்கு மேல் கேட்டால் கெர்னல் லாகில் திட்டும். ஒரு சுற்றில் எல்லா இன்டர்ஃபேஸுக்கும் சேர்த்து நெட்டெவ்_பட்ஜெட் என்று ஒன்று இருக்கிறது, சாதாரணமாக 300; கூட்டுவதென்றால் அதைக் கூட்டுங்கள். அதற்கு முன் கெர்னல் பாக்கெட் கணக்கைக் காட்டும் சாஃப்ட்நெட்_ஸ்டாட் கோப்பின் மூன்றாவது நெடுவரிசை (வேலை பாக்கி இருக்கும்போதே சுற்று முடிந்த தடவைகள்) ஏறுகிறதா என்று பாருங்கள், ஏறாவிட்டால் அதையும் தொட வேண்டாம்.