ஒளிப்படப் பக்கம்: கட்டுமரமும் கேமராவும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விடியற்காலையில் கரை திரும்பும் கட்டுமரங்களை நூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். ஒன்றில்கூட ஆளின் முகமோ மரத்தின் நிறமோ தெரியவில்லை. எல்லாம் கரிக்கட்டையாக இருக்கின்றன. கேமராவில் பழுதா?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: கேமராவில் பழுது ஏதும் இருக்காது. உங்கள் கடற்கரை கிழக்கு பார்த்தது; சூரியன் கடலிலிருந்து எழுகிறது; மரங்களும் அதே திசையிலிருந்து வருகின்றன. ஆகவே கரையில் நிற்பவருக்கு ஆளின் முதுகுப்புறத்து ஒளிதான் கிடைக்கும். அதோடு, பளபளக்கும் நீர்ப்பரப்பைக் கண்ட கேமரா அதைச் சாம்பல் நிற அளவுக்கு அடக்கப் பார்க்கும்போது, ஏற்கெனவே நிழலில் இருக்கும் ஆளும் மரமும் சேர்ந்து இருண்டுவிடுகின்றன. எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டி (ஒளியை இருமடங்காக்குவது ஒரு ஸ்டாப்), கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாகவும் எடுத்து வைத்தால் நிழலில் உள்ள விவரங்களை ஓரளவு மீட்கலாம்.

அதைவிட நல்ல வழி, பார்க்கும் திசையை மாற்றுவதாகும். சூரியன் ஆண்டு முழுவதும் நேர்கிழக்கில் உதிப்பதில்லை. மார்கழியில் நம் பகுதியில் அது கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை தெற்கே தள்ளி எழும். ஆனியில் அதே அளவு வடக்கே தள்ளி எழும். எனவே மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கு நோக்கியும், ஆனியில் தென்கிழக்கு நோக்கியும் கேமராவைத் திருப்பினால், நேரெதிர் ஒளி பக்கவாட்டு ஒளியாக மாறி, துடுப்புப் போடுபவரின் தோளிலும் நனைந்த மரத்தின் விளிம்பிலும் ஒளிக்கீற்று விழும். ஒரே கடற்கரையில் நூறடி தள்ளி நின்று சற்றுத் திரும்பிப் பார்ப்பதற்கு இவ்வளவு பலன் உண்டு என்பதை நானே பல ஆண்டுகள் கழித்துத்தான் உணர்ந்தேன்.

நிழலுருவமாகவே எடுப்பதென்று முடிவு செய்தால், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து, கரிய உருவத்தை மேலும் கருப்பாக்குங்கள். அப்போது கவனிக்க வேண்டியது ஒன்றே: ஆளின் உடலும் துடுப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது. துடுப்பு உடலைவிட்டு விலகி நீரைத் தொடும் கணத்தில்தான் அவர் என்ன செய்கிறார் என்பது பார்ப்பவருக்குப் புரியும். மற்ற கணங்களில் அது வெறும் கறுப்புக் கட்டி.

கேள்வி: கட்டுமரத்தைத் தொலைவிலிருந்து எடுத்தால் யாரோ தண்ணீரின்மேல் நிற்பதுபோலத் தெரிகிறது, மரமே தெரிவதில்லை. மரத்தின் அமைப்பும் படத்தில் வர என்ன செய்ய வேண்டும்?
– ஒரு கல்லூரி மாணவி, சென்னை

பதில்: கட்டுமரத்துக்கு வயிறும் இல்லை, பக்கச்சுவரும் இல்லை. சில மரங்களை அருகருகே வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய மிதவை அது. அலை மேலே ஏறினாலும் மரங்களின் இடுக்கு வழியே நீர் வடிந்துவிடுவதால் அது மூழ்குவதில்லை. அதே காரணத்தால் நீர்மட்டத்துக்குமேல் ஒரு சாண் அளவுகூடத் தலைதூக்குவதில்லை. நீங்கள் மணலில் நின்று கண்மட்டத்தில் கேமராவைப் பிடிக்கும்போது, இடையிலுள்ள மூன்றடி அலை ஒன்றே மரம் முழுவதையும் மறைக்கப் போதும். மணல்மேடு, தூண்டில் வளைவின் (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கல்சுவரின்) பாறைகள், கரையோர மாடி என ஆள் உயரத்தைப்போல மூன்று நான்கு மடங்கு உயரத்தில் ஏறி நின்று, 200 அல்லது 300 மி.மீ. லென்ஸில் பாருங்கள், முன்புறம் கூர்ந்து குறுகும் மரங்களின் வடிவம் அப்போதுதான் புலப்படும்.

உயரமான இடம் கிடைக்காதபோது, அலை உடையும் இடத்தில் காத்திருப்பது உதவும். கரை திரும்புபவர்கள் நேராக உள்ளே வந்துவிடுவதில்லை. அலை உடையும் கோட்டுக்கு வெளியே மரத்தை நிறுத்தி, தோளுக்குமேல் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரிய அலைகள் கடந்த பிறகு, சட்டென்று வேகமாகத் துடுப்புப் போடத் தொடங்குவார்கள். அந்த முதல் வேகமான துடுப்பு வீச்சுதான் உங்களுக்கு அறிகுறி. அடுத்த சில நொடிகளில் பின்னால் வரும் அலை மரத்தைத் தூக்கும்போது, கயிற்றுக்கட்டும் நீர் வழியும் இடுக்குகளும் கண்முன் வந்து போகும். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல், தொடர்படமாக எடுங்கள். மரம் கரையேறும் வழியில் மட்டும் நிற்காதீர்கள். நனைந்த மரங்களோடு அலையும் சேர்ந்து வரும்போது அதை யாராலும் நிறுத்த முடியாது.

கேள்வி: சுற்றுலாத் தலங்களில் காணும் ‘கேட்டமரான்’ படகும் நம் கட்டுமரமும் ஒன்றா? படமெடுப்பதில் வேறுபாடு உண்டா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: பெயர் நம்முடையது, படகு வேறு. சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தைப் பற்றி ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியான தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் அச்சொல் நிலைபெற்று, பின்னர் இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கும் சென்று ஒட்டிக்கொண்டது. அவ்வகைப் படகுகளின் வேர் பசிபிக் தீவுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் படகு வடிவமைப்பாளர் நதானியேல் ஹெரெஷாஃப் 1876-இல் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் பாய்மரப் படகைக் கட்டினார். படமெடுக்கும் முறையும் நேர்மாறானது. இரட்டை உடல் படகின் அழகு இரண்டு உடல்களுக்கும் நடுவே தெரியும் வெளிச்சத்தில் இருப்பதால், அதை அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) நேரெதிரே, நீர்மட்டத்துக்கு அருகில் தாழ்ந்து எடுக்க வேண்டும். கட்டுமரத்துக்கோ மேலே சொன்னபடி உயரம் வேண்டும்.

கேள்வி: ஃபைபர் படகில் சென்றபடி மற்றப் படகுகளை எடுத்தேன். படங்கள் கலங்கியும் தொடுவானம் சாய்ந்தும் வந்தன.
– ஒரு வாசகர், இராமேஸ்வரம்

பதில்: பலரும் நிலையாக இருக்கட்டுமென்று படகின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொள்கிறார்கள், எஞ்சினின் அதிர்வு முழுவதும் அந்த வழியாகத்தான் கேமராவுக்கு ஏறுகிறது. எதிலும் சாயாமல், முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கால்களைச் சற்று மடக்கி, உடலே அதிர்வை வாங்கிக்கொள்ளுமாறு அமருங்கள். ஷட்டர் வேகம் 1/1000 முதல் 1/2000 வரை இருக்கட்டும். படகு அலையின் உச்சியில் ஒரு கணம் தயங்கும்; அப்போது பொத்தானை அழுத்தினால் பாதித் தொல்லை தீரும். தொடுவானச் சாய்வை வீட்டில் திருத்திக்கொள்ளலாம். அதற்காக நாற்புறமும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள்.

கேள்வி: கடற்கரைப் படங்களுக்குப் போலரைசர் கட்டாயமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: போலரைசர் என்பது லென்ஸின் முன் பொருத்தி, பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர். கரையிலிருந்து தொலைவில் உள்ள படகை எடுப்பதற்கு அதனால் பெரிய பயன் இல்லை. நீர்ப்பரப்பை ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் குனிந்து பார்க்கும்போதுதான் அது நீரின் பளபளப்பை முழுமையாக நீக்கும். தொலைவிலுள்ள படகை நோக்கும் பார்வையோ நீரை உரசிக்கொண்டு செல்கிறது. பாலத்தின்மீது நின்று கீழே கட்டியிருக்கும் வள்ளத்தையும் அதன் அடியில் தெரியும் மணலையும் எடுப்பதானால் கட்டாயம் பொருத்துங்கள். மற்றபடி, ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை அது விழுங்கிவிடும். விடியற்காலையில் 1/1000 நொடியில் எடுக்க வேண்டிய படத்தை 1/250 நொடியில் எடுக்க நேர்ந்தால் துடுப்பின் நுனி கலங்கிவிடும்.

கேள்வி: லென்ஸில் படியும் உப்பை எப்படித் துடைப்பது?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். ஒருமுறை அவசரத்தில் வேட்டி நுனியால் துடைத்து, ஒட்டியிருந்த மணலால் புதிய ஃபில்டரில் வட்டவட்டமாகக் கீறலை வரைந்த பெருமை எனக்கு உண்டு. முதலில் ஊதுபந்தால் மணலை அகற்றுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் உப்பைக் கரைத்து எடுங்கள், கடைசியில்தான் உலர்துணி. ஏசி அறையிலிருந்து நேரே கடற்கரைக்குப் போனால் லென்ஸில் ஆவி படியும் என்பதால், கேமராவைப் பையைவிட்டு எடுக்காமல் அரைமணி நேரம் பொறுங்கள்.

கேள்வி: எங்கு பார்த்தாலும் ஃபைபர் படகும் விசைப்படகுமாக இருக்கின்றன. சிறு மரங்களையும் நாட்டுப்படகுகளையும் மட்டும் எடுக்க ஏற்ற காலம் எது?
– ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் துறைமுகத்தில் தோளோடு தோள் உரசி நிற்கும். பாரம்பரியக் கலங்களுக்குத் தடை இல்லையாதலால் கடலில் அவைதாம் தெரியும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இத்தடை ஜூன் 1-இல் தொடங்கி ஜூலை 31 வரை நீடிக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் மரத்தின் இடத்தை ஃபைபர் பிடித்துக்கொண்டது உண்மைதான். ஆகவே புறப்படுவதற்கு முந்தைய மாலையே ஊருக்குப் போய், கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்களிடம், மரம் வைத்திருப்பவர் யார், எத்தனை மணிக்கு இறங்குவார், படமெடுக்கச் சம்மதிப்பாரா என்று விசாரியுங்கள். சம்மதித்தவருக்கு அடுத்த முறை ஓர் அச்சுப்படம் கொண்டுபோய்க் கொடுங்கள். மே மாதக் கடைசியில் போவதாக இருந்தால், சூரியன் வடக்கே தள்ளி உதிக்கும். கடலூர் வாசகருக்குச் சொன்னதுபோல் தென்கிழக்கு நோக்கி நில்லுங்கள்.