மணல் பெட்டியில் மலைத்தொடர்: ஒரே மேடாகக் குவிவது ஏன்?

கேள்வி: மலைப் பகுதிகளில் மடிப்புகளும் உந்துப்பிளவுகளும் (பக்கவாட்டு அழுத்தத்தில் ஒரு பாறைத் துண்டு இன்னொன்றின் மேல் ஏறும் பிளவுகள்) உருவாவதை மாணவர்களுக்குக் காட்ட, 40 செ.மீ. நீளமுள்ள கண்ணாடித் தொட்டியில் லேசாக ஈரப்படுத்திய மணலை 10 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி, ஒரு பக்கத்திலிருந்து பலகையால் தள்ளினோம். பலகைக்கு முன்னால் ஒரே மேடு எழும்பியது. அதுவும் கட்டி கட்டியாக உடைந்தது. படங்களில் இருப்பதுபோல் வரிசையாகச் சாய்ந்த பிளவுகள் வரவில்லை. என்ன தவறு? பழைய பாறை புதிய பாறையின் மேல் ஏறி உட்காருவது எப்படி என்பதையும் இதிலேயே காட்ட முடியுமா?

பதில்: காட்ட முடியும். தவறு மூன்று இடத்தில் இருக்கிறது: ஈரம், தடிமன், பெட்டியின் தரை. முதல் இரண்டையும் ஒரே நாளில் சரிசெய்துவிடலாம். மூன்றாவதுதான் விஷயத்தின் மையம்.

ஈர மணல் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டும் வலிமைதான் சோதனையைக் கெடுத்தது. பெட்டியில் 1 செ.மீ. என்பது நிலத்தில் 1 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் நீளம் 1,00,000 மடங்கு சுருங்குகிறது. பாறையைவிட மணலின் அடர்த்தியும் குறைவு. இரண்டையும் சேர்த்தால் வலிமை ஏறத்தாழ 1,50,000 மடங்கு குறைய வேண்டும். பாறையின் ஒட்டு வலிமை 10 மெகாபாஸ்கல் அளவில் என்றால், மணலுக்கு 65 பாஸ்கல் அளவில்தான் இருக்கலாம். உலர்ந்த மணல் இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஈர மணல் எளிதாக 1,000 பாஸ்கலைத் தாண்டிவிடும். அதாவது உங்கள் தொட்டியில் இருந்தது இயற்கையில் எங்கும் இல்லாத அளவுக்கு உறுதியான ஒரு பாறை. அது ஒரே துண்டாக நகரும், இல்லாவிட்டால் கட்டியாக உடையும். இந்த அளவு விகிதக் கணக்கை 1937ல் முறையாக வகுத்தவர் அமெரிக்கப் புவியியலாளர் கிங் ஹப்பர்ட். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1887ல், ஸ்காட்லாந்துப் புவியியலாளர் ஹென்றி கேடெல் இதே போன்ற பெட்டியில் மணல், களிமண் அடுக்குகளைத் தள்ளி அழகான பிளவு வரிசைகளை வரவழைத்தார். ஆனால் அவர் இடையிடையே பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) அடுக்கு வைத்தார். பிளவு விழுந்தது அந்த நொறுங்கும் அடுக்குகளில்.

அடுத்தது தடிமன். உலர் மணலின் உராய்வுக் கோணம் (ஏறத்தாழ, மணல் குவியல் சரியாமல் நிற்கும் சாய்வு) 30 முதல் 35 பாகை. கிடையாகத் தள்ளும்போது அது ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் பிளக்கும். 10 செ.மீ. தடிமனில், அடியில் தொடங்கும் ஒரு பிளவு மேற்பரப்பை எட்டுவதற்குள் கிடையாக 17 செ.மீ. தூரத்தை விழுங்கிவிடும். 40 செ.மீ. தொட்டியில் இரண்டாவது பிளவுக்கே இடம் போதாது. தடிமன் 3 செ.மீ. என்றால் இதே தூரம் 5 செ.மீ.தான்.

இனி தரை. தள்ளும் விசை அதிகமானால் மலை உயரும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், மலைப்பட்டை எவ்வளவு செங்குத்தாக எழும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது அடித்தள உராய்வுதான். தள்ளப்படும் பொருள் பின்பக்கம் தடித்து முன்பக்கம் மெலிந்து ஓர் ஆப்பு வடிவத்துக்கு வரும். மேற்பரப்பின் சரிவும் அடித்தளத்தின் சரிவும் சேர்ந்ததே அதன் கோணம். கோணம் போதாவிட்டால் ஆப்பு தரையில் வழுக்காது. உள்ளுக்குள்ளேயே பிளந்து தடிக்கும். போதிய கோணம் வந்ததும் முழு ஆப்பும் வழுக்கி முன்னேறி, நுனியில் புதிய அடுக்கைப் பெயர்த்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். புவி அறிவியலாளர்கள் டேவிஸ், சப்பே, டாலன் ஆகிய மூவரும் 1983ல் வெளியிட்ட கோட்பாடு இது. இன்றும் இத்துறையின் அடிப்படை இதுதான்.

மைலார் போன்ற வழவழப்பான பிளாஸ்டிக் தாள் விரித்த தட்டையான தரையில் உலர் மணல் சுமார் 6 பாகைச் சரிவில் நிற்கும். மணல் காகிதத்தை ஒட்டினால் சரிவு 10 பாகையைத் தாண்டும், பிளவுகளும் நெருங்கி வரும். இயற்கையிலும் இதே கதைதான். தைவானின் மேற்கு மலைப்பட்டையில் மேற்பரப்புச் சரிவு சுமார் 3 பாகை, அடித்தளச் சரிவு சுமார் 6 பாகை. பாகிஸ்தானின் பொட்வார் பீடபூமிக்கு அடியில் இருப்பதோ எளிதில் வழுக்கும் உப்புப் படிவு. அங்கே மேற்பரப்புச் சரிவு 1 பாகைகூட இல்லை. ஈரானின் ஜாக்ரோஸ் மலைப்பட்டை அவ்வளவு அகலமாகப் பரந்து கிடப்பதற்கும் ஹோர்மூஸ் உப்புப் படிவுக்குப் பெரும் பங்கு உண்டு. உப்பு இல்லாத இடங்களில் பெரும்பாலும் களிப்பாறைதான் வழுக்குத் தளம். அதன் துளைகளில் சிக்கிய நீரின் அழுத்தம் மேலே உள்ள பாறையின் எடையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்வதால் உராய்வு குறைகிறது. ஹப்பர்ட்டும் ரூபியும் 1959ல் இதைச் சொல்லும் வரை, பல பத்து கிலோமீட்டர் நீளப் பாறைத் தட்டு நொறுங்காமல் எப்படி நகர்ந்தது என்பது பெரிய புதிராகவே இருந்தது.

பெட்டியை இப்படி அமையுங்கள். உள் நீளம் 80 செ.மீ., அகலம் 25 செ.மீ., உயரம் 20 செ.மீ.; பக்கச் சுவர்கள் கண்ணாடி. தள்ளுபலகையை மரையாணித் தண்டில் பொருத்தி, கைப்பிடியைச் சுழற்றி நகர்த்துங்கள். கையால் தள்ளினால் பலகை கோணிக்கொள்ளும். பலகையின் அடியிலும் ஓரங்களிலும் மெல்லிய நுரைப்பட்டை ஒட்டாவிட்டால் மணல் பின்பக்கம் கசிந்துவிடும். தரையில் பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். மணல் 0.1 முதல் 0.5 மி.மீ. வரையிலான குவார்ட்ஸ் மணல். அடுப்பில் உலர்த்தி, ஆறிய பிறகு சலித்துக்கொள்ள வேண்டும். பாதியை அடர் நிறத்தில் சாயமேற்றி மறுபடி நன்றாக உலர்த்துங்கள்.

மணலைக் கொட்டிப் பரப்பக் கூடாது. 20 செ.மீ.க்குக் குறையாத உயரத்திலிருந்து சல்லடை வழியே தூவுங்கள். தூவிய மணல் நெருக்கமாகப் படியும்; பிளந்த இடம் சற்றே வலுவிழக்கும் என்பதால் அடுத்த நகர்வும் அதே பிளவிலேயே நடக்கும், கோடு கூர்மையாகத் தெரியும். கொட்டிய மணல் தளர்வாக இருக்கும். தள்ளும்போது எங்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்குமே தவிர, தெளிவான பிளவு விழாது. இரு நிறங்களையும் மாற்றி மாற்றி 5 மி.மீ. வீதம் ஆறு அடுக்கு, மொத்தம் 3 செ.மீ., 60 செ.மீ. நீளத்துக்குப் போடுங்கள். வெறும் மணலுக்கு வேகம் பொருட்டல்ல. ஒவ்வொரு 1 செ.மீ. நகர்வுக்கும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒன்றிரண்டு செ.மீ. வரை பெரிதாக எதுவும் தெரியாது. அடுக்குகள் அமுங்கிச் சற்றுத் தடிக்கும், அவ்வளவுதான். பிறகு பலகைக்கு அருகே முன்நோக்கிய பிளவும் அதற்கு எதிர்ச்சாய்வில் ஒரு பின்நோக்கிய பிளவும் சேர்ந்து ஒரு திட்டைத் தூக்கும். அடுத்த பிளவு அதற்கு முன்னால் பிறக்கும். பழைய பிளவு மெல்ல ஓய்ந்து, புதியதன் முதுகில் ஏறிச் செங்குத்தாகும். இமயமலையிலும் பொதுவாக இதே வரிசைதான்: மத்தியப் பெரும் பிளவு முதலில், அதன் தெற்கே எல்லைப் பிளவு, அதற்கும் தெற்கே சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் இன்றும் இயங்கும் முகப்புப் பிளவு. மூன்றும் ஆழத்தில் ஒரே வழுக்குத் தளத்தில் சேர்கின்றன.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை கண்ணாடியிலேயே தெரியும். நன்றாக நகர்ந்த ஒரு பிளவைத் தேர்ந்தெடுத்து அதற்கு மேலும் கீழும் விரல் வைத்துப் பாருங்கள். பிளவுக்கு மேலே அடுக்கு 1 இருக்கும், கீழே அடுக்கு 6. அடுக்கு 1 முதலில் படிந்தது, அதாவது பழையது. அந்த இடத்தில் மேலிருந்து துளையிட்டால் 1 முதல் 6 வரையிலான அடுக்குகளில் சில இரண்டு முறை வரும். மொன்டானாவின் சீஃப் மலையில் 100 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பாறை, டைனோசர் காலத்துக் கிரீத்தேசியப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுற்றியிருந்த தட்டு அரித்துப் போய், மிஞ்சிய துண்டு அது.

மடிப்பு மட்டும் உலர் மணலில் அரைகுறையாகத்தான் வரும். பிளவின் ஏற்றத்தில் ஏறும் அடுக்கு வளைந்து மேல்வளைவு ஆகும்; அந்த வகை தெரியும். அடுக்குகள் அலையலையாக மடிவதைக் காட்ட, அடியில் 5 மி.மீ. சிலிக்கோன் புட்டியை (மெல்லத் தள்ளினால் வழிந்தோடும், பிசைந்த மாவு போன்ற பொருள்) பரப்பி அதன் மேல் 1 செ.மீ. மணல் போதும். அது உப்பின் வேலையைச் செய்யும். இங்கே வேகம் முக்கியம்: மணிக்கு ஒன்றிரண்டு செ.மீ.க்கு மேல் போனால் புட்டி விறைத்துக்கொள்ளும். புட்டி கிடைக்காவிட்டால் சாலைக் கோடுகளில் ஒளிர்வதற்காகத் தூவும் கண்ணாடி மணிகளில் மிகப் பொடியானதைச் சலித்து எடுத்து அடியில் போடுங்கள். உருண்டை வடிவம் என்பதால் மணலைவிட உராய்வு குறைவு. ஆனால் மடிப்பு வராது, சரிவு மட்டும் குறையும்.

மேலிருந்து பார்க்கும்போது பிளவுக் கோடுகள் கண்ணாடி ஓரத்தில் வளைந்திருந்தால் அது பக்கச் சுவரின் உராய்வு. அகலத்தைக் குறைத்தால் இந்தக் கோளாறு கூடும். அதனால் ஓரத்தை நம்பாமல் நடுவில் வெட்டிப் பார்ப்பதே சரி. எல்லாம் முடிந்ததும் மேலே இன்னும் 2 செ.மீ. மணலை மெதுவாகத் தூவி மூடி, நீரைத் தெளிப்பானால் மெல்லத் தெளித்து முழுவதும் ஊறவிடுங்கள். இப்போது ஈரம் உதவும். பிறகு தகட்டால் நீளவாக்கில் வெட்டலாம்.

வெட்டு முகத்தில் பரப்பளவையும் சரிபார்க்க வேண்டும். மூடப் போட்ட மணலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தொடக்கத்தில் 60 × 3 = 180 ச.செ.மீ. பலகை 20 செ.மீ. நகர்ந்திருந்தால் நீளம் 40, சராசரி உயரம் 4.5 செ.மீ.க்குப் பக்கத்தில் வர வேண்டும். கொஞ்சம் குறைந்தால் மணல் அமுங்கியது. நிறையக் குறைந்தால் பலகைக்கு அடியில் கசிந்தது. ஓர் அடுக்கின் மேல் நூலை வைத்து, பிளவுகளில் விட்டு விட்டு அளந்தால் 60 செ.மீ. வராது, பிளவு விழுவதற்கு முன்பே அடுக்கு சுருங்கித் தடித்த பங்கு அதில் விடுபட்டுப்போகும். மலையில் அடுக்கின் நீளத்தை மட்டும் வைத்துச் சுருக்கத்தைக் கணக்கிடும்போதும் இதே காரணத்தால் விடை குறைவாகத்தான் வரும்.